உச்சி யாருக்கு, பனி எங்கே போகிறது: மோன் பிளாங் பயணம்

ஜெனீவாவிலிருந்து, ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலையடிவாரத்து ஊரான ஷமோனிக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் ஆர்வ் என்கிற ஆறு கூடவே வரத் தொடங்குகிறது. நல்ல கோடை, ஆறு நிறையத் தண்ணீர். ஆனால் மலையாற்றின் தெளிவு இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கி ஓடுகிறது. மேலே பனியாறுகள் நகரும்போது அடியில் இருக்கும் பாறையை அரைத்துக்கொண்டே வருகின்றன. அந்த நைசான கல்தூள் உருகும் தண்ணீரோடு இறங்குவதால்தான் இந்த நிறம். மலை கண்ணில் படுவதற்கு முன்பே மலை தேய்வதைப் பார்த்துவிடலாம்.

நான் இதையெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தேன். ஜெனீவாவில் வேலை பார்க்கும் நண்பனுக்கு இது பழகிய வழி. "மச்சி, ஆத்த அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்குக் காலைல முதல் கேபிள் காருக்கு டிக்கெட் இருக்கான்னு பாரு. பதினோரு மணிக்கு மேல மேகம் வந்து மூடிரும், காசு தண்டம்" என்றான்.

ஷமோனி 1035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே தெரியும் உச்சியோ 4800 மீட்டரைத் தாண்டியது. நடுவில் இருக்கும் அந்த 3700 சொச்சம் மீட்டரையும் கடைத்தெருவில் நின்றே அண்ணாந்து பார்த்துவிடலாம், கழுத்துதான் வலிக்கும். கூர்மையான சிகரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் பார்வையில் கொஞ்சம் ஏமாற்றம் உண்டு. ஊசி ஊசியாக நிற்பவையெல்லாம் பக்கத்துச் சிகரங்கள். மோன் பிளாங் அவற்றுக்குப் பின்னால் திரண்டு, வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. இதுதான் பெரியது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

அதைச் சொல்வதற்கென்றே ஊர் நடுவில் ஒரு சிலை. 1786 ஆகஸ்ட் 8 அன்று உச்சியில் முதலில் கால் வைத்த இருவரில் ஒருவரான பல்மா கையை நீட்டிக் காட்டுகிறார்; பக்கத்தில், ஏறுகிறவருக்குப் பரிசு தருவதாக அறிவித்த ஜெனீவா அறிஞர் சொஸூர். பல்மாவோடு சேர்ந்து ஏறிய ஊர் டாக்டர் பக்கார் இதில் இல்லை. அவருக்குத் தனிச் சிலை வர 200 வருடம் ஆகியிருக்கிறது. பரிசு கொடுத்தவருக்கு முதலில் இடம், ஏறியவருக்குக் காத்திருப்பு. எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

உயரம் எவ்வளவு என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சில புத்தகங்களில் 4807, சிலவற்றில் 4810. உச்சியில் இருப்பது பாறை அல்ல, பனி. காற்று கொண்டுவந்து சேர்ப்பதையும் அள்ளிக்கொண்டு போவதையும் பொறுத்து அது ஏறும், இறங்கும். 2001 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சர்வேயர்கள் மேலே போய் அளக்கிறார்கள். 2001இல் 4810.40 மீட்டர். 2021இல் 4807.81. 2023இல் 4805.59. இதைப் பார்த்தவுடன் மலை உருகுகிறது என்று தலைப்புச் செய்தி போடுகிறார்கள். அது சரியில்லை. அந்த உயரத்தில் காற்றும் பனிப்பொழிவும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. உருகுவதைப் பார்க்க வேண்டுமானால் கீழே, பனியாற்றின் அடிவாரத்தில் பார்க்க வேண்டும். பாறையின் உச்சி 4792 மீட்டர். பனி உச்சிக்கு நேர் கீழேகூட இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. 1891இல் அங்கே வானாய்வகம் கட்ட அடித்தளம் தேடி, பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஈஃபிலின் ஏற்பாட்டில் பனிக்குள் சுரங்கம் குடைந்தார்கள். பாறை தட்டவே இல்லை. சரி என்று 1893இல் பனி மேலேயே கட்டினார் ஜான்சென் என்கிற வானியலாளர். பதினைந்து வருடம் போல் தாங்கியது. பிறகு பனிக்குள் அமிழ்ந்து போனது.

இப்படி நிலையில்லாத ஓர் உச்சியின் மேல்தான் இரண்டு நாடுகள் கோடு போட்டிருக்கின்றன, அதுவும் ஆளுக்கொரு கோடு. 1860இல் ஷமோனி இருக்கும் சவோய் பகுதி பிரான்சுக்குப் போனது. 1861 மார்ச்சில் எல்லை ஒப்பந்தம் ஆனது. எல்லை உச்சி வழியாகவே போகிறது, ஆகவே உச்சி பாதிப் பாதி என்பது இத்தாலி வரைபடம். 1865இல் மியூலே என்ற பிரெஞ்சு ராணுவ கேப்டன் வரைந்த படத்தில் கோடு உச்சிக்குத் தெற்கே வளைந்துவிட்டது. அதன்படி உச்சி முழுக்கப் பிரான்சுக்கு. பிரான்சின் படங்களில் இன்றுவரை அப்படியே இருக்கிறது. துப்பாக்கி, முள்கம்பி எதுவும் இல்லாத தகராறு.

மறுநாள் காலை எகுயி டியூ மிடி என்ற பக்கத்துச் சிகரத்துக்கு ஏறினோம். 1955இல் திறந்த கேபிள் கார். 2317 மீட்டரில் ஒரு நிலையம், அங்கே வண்டி மாறி நேரே 3777 மீட்டர். இருபது நிமிடத்தில் இவ்வளவு உயரம் போவது உடம்புக்குப் பிடிக்காது. கதவு திறந்ததும் எல்லோரும் படிக்கட்டில் ஓடுவார்கள். பத்தாவது படியில் எல்லோரும் நிற்பார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோது என் காதுக்குள் நாடித் துடிப்பு கேட்டது. பக்கத்தில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் பையிலிருந்து ஆப்பிளும் கத்தியும் எடுத்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு துண்டாக அறுத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அங்கிருந்து பார்த்தால்தான் மலையின் வடிவம் பிடிபடுகிறது. பிரெஞ்சுப் பக்கம், அதாவது வடக்கு, பனி மெத்தை மெத்தையாக இறங்குகிறது. உச்சியிலிருந்து ஷமோனிப் பள்ளத்தாக்கை நோக்கி போசோன் பனியாறு ஒரே சரிவாகத் தொங்குகிறது. ஆல்ப்ஸில் இவ்வளவு உயரம் ஒரே மூச்சில் இறங்கும் பனியாறு வேறு கிடையாது என்கிறார்கள். தென்கிழக்கே ஒரு பெரிய வெள்ளைப் பள்ளம். அதைக் கடக்க இன்னொரு கேபிள் இருக்கிறது, கோடையில் மட்டும் ஓடும். நாலு பேர் உட்காரும் சின்னக் கூண்டுகள், மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டியவை. ஐந்து கிலோமீட்டர், அரை மணி நேரம்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அரை மணி நேரம்தான். கூண்டு அடிக்கடி நின்றுவிடும். முதலில் பயம், பிறகுதான் அந்தந்த முனையில் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள் என்று புரிந்தது. நிற்கும்போது கீழே குனிந்து பார்த்தேன். பனியில் வரி வரியாகப் பிளவுகள். மேல் உதட்டில் வெள்ளை, உள்ளே போகப் போக நீலம், அதற்கும் கீழே கறுப்பு. அவற்றுக்கு நடுவே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூன்று பேர் எறும்பு வரிசையில் போனார்கள். முதல் ஆள் ஒவ்வோர் அடிக்கும் கைக்கோலால் பனியைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். பிளவின் மேல் புதுப்பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

எல்லை எங்கே வந்தது என்று தெரியவில்லை. கைபேசியில் இத்தாலிக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான். இறங்கும் இடம் புன்டா ஹெல்பிரோனர், 3466 மீட்டர். கடவுச்சீட்டைப் பார்க்க ஆளே இல்லை. ஷெங்கன் விசா கையில் இருந்தால் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஒன்றுதான். ஆனால் இந்த இடமும் தகராறுக்குத் தப்பவில்லை. பனியாற்றுக்குள் யாரும் தெரியாமல் இறங்கிவிடக் கூடாதென்று இத்தாலியர்கள் வைத்திருந்த கதவு விஷயத்தில், அது எங்கள் மண் என்று சொல்லி 2015இல் பிரெஞ்சுத் தரப்பு தலையிட்டது. காப்பி மட்டும் சந்தேகமில்லாமல் இத்தாலியுடையது. மலை மேல் விற்கிறார்கள் என்பதே தெரியாத விலை, தெரியாத ருசி.

தெற்குப் பக்கம் வேறு மலை. மெத்தை எல்லாம் இல்லை. கிரானைட் சுவர்தான், செங்குத்தாக. மேலிருந்து பாறை விழுந்துகொண்டே இருக்கும். பிரென்வா பனியாற்றின் மேல் 1920இலும் 1997 ஜனவரியிலும் மலைச்சரிவே விழுந்திருக்கிறது. இந்தப் பக்கத்து மியாஜ் பனியாற்றைப் படத்தில் பார்த்தால் கல்குவாரி என்பீர்கள். கல்லும் மண்ணும் மூடி, பனியே வெளியில் தெரியாது. அந்தப் போர்வை தடிமனாக இருக்கும் இடத்தில் வெயில் உள்ளே போவதில்லை, பனி மெதுவாகத்தான் உருகுகிறது. உச்சிக்கு வடக்கே விழும் பனி ஆர்வ், ரோன் வழியாக மத்தியதரைக் கடலுக்கு. தெற்கே விழுவது டோரா பால்டியா, போ வழியாக ஏட்ரியாட்டிக்குக்கு. வரைபடம் போட்டவர்களைவிடத் தண்ணீருக்கு எல்லை தெளிவாகத் தெரிகிறது. இந்த முகடு வடகிழக்கே ஓடி 3820 மீட்டர் மோன் டோலாங்கில் முடியும் இடத்தில் சுவிட்சர்லாந்தும் சேர்ந்துகொள்கிறது.

இத்தாலிப் பக்கத்துக் கேபிள் காரில் இறங்கி, பேருந்து பிடித்து, சுரங்கம் வழியாகப் பிரான்சுக்குத் திரும்பினோம். 1965இல் திறந்த சுரங்கம், 11.6 கிலோமீட்டர். காலையில் நாங்கள் நின்ற எகுயி டியூ மிடியின் அடியில்தான் போகிறது; அந்த இடத்தில் தலைக்கு மேல் 2480 மீட்டர் பாறை. 1999 தீவிபத்தில் 39 பேர் இதற்குள் இறந்தார்கள். அதிலிருந்து வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்வதில் கறார். நண்பன் தூங்கிவிட்டான்.

போசோன் பனியாற்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். காரணம் பனியாறு நகர்வது பற்றிய ஒரு பழைய கணக்கு. 1820இல் உச்சிக்கு ஏறிய ஒரு குழு பனிச்சரிவில் சிக்கி, மூன்று வழிகாட்டிகள் மேலே ஒரு பிளவுக்குள் போய்விட்டார்கள். பிறகு ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் பக்கத்துப் பனியாற்றின் வேகத்தை அளந்து, இவர்கள் சுமார் 40 வருடத்தில் கீழே வருவார்கள் என்று சொன்னார். 1861 ஆகஸ்டில் வந்தார்கள். எல்லைக் கோடு போட்ட அதே வருடம்.

அதே பனிக்குள் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' உச்சிக்குக் கொஞ்சம் கீழே மோதியது. 48 பேர், பெரும்பாலும் இங்கிலாந்துக்குக் கப்பல் வேலைக்குப் போன இந்திய மாலுமிகள். மீட்கப் போன ஷமோனி வழிகாட்டி ரெனே பேயோவும் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். 1966 ஜனவரி 24 அன்று ஏறக்குறைய அதே இடத்தில் போயிங் 707 'கஞ்சன்ஜங்கா'. 117 பேர், அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் இருந்தார். திசைகாட்டும் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. மலையைத் தாண்டிவிட்டதாக விமானி நினைத்தார், இன்னும் ஐந்து மைல் இருக்கிறது என்று தரையிலிருந்து சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார். சதி என்று யூடியூபில் நிறையக் கதை ஓடுகிறது. மேகம் மூடிய அந்த முகட்டைப் பார்த்த பிறகு சதி எதுவும் தேவைப்படவில்லை.

1350 மீட்டர் உயரத்தில், பனியாற்றின் ஓரமாக ஒரு சின்ன உணவகம் இருக்கிறது. காட்டுப்பாதையில் நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். பனி கக்கியவற்றை அங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள். கசங்கிய அலுமினியத் தகடு ஒன்றில் ரிவெட் வரிசை அப்படியே நேராக இருந்தது. தகடு சுருண்டு மடங்கியும் அந்த வரிசை மட்டும் கலையவில்லை. 2012இல் ராஜாங்கத் தபால் பை ஒன்று கிடைத்தது. 2013இல் மரகதமும் நீலக்கல்லும் இருந்த பெட்டியை ஒரு மலையேறி போலீசில் ஒப்படைத்தார். 2021 கடைசியில் அதை அவருக்கும் ஷமோனி ஊராட்சிக்கும் பாதியாகப் பிரித்தார்கள். 2020 கோடையில் இந்த உணவகக்காரரே 1966ஆம் வருட நேஷனல் ஹெரால்டு, எகனாமிக் டைம்ஸ் இதழ்களைப் பொறுக்கியிருக்கிறார். இந்திரா காந்தி பிரதமராகிறார் என்ற செய்தி படிக்கும் நிலையில் இருந்தது, வெயிலில் காயவைத்தார்களாம். நண்பன் அந்தத் தகட்டின் முன்னால் வெகுநேரம் நின்றான். "இன்னும் வருமாடா?" என்றான். மேலே மிச்சம் இருக்கும்வரை வரும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் மோன்டான்வேர் சிவப்பு ரயிலில் மேர் த கிளாஸ் பனியாற்றைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1909இலிருந்து ஓடும் நல்ல ரயில், சந்தேகமில்லை. ஆனால் ரயிலடியிலிருந்து பார்த்தால் ஆழத்தில் கல் மூடிய சாம்பல் பட்டைதான் தெரியும். 1850 முதல் அது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. இறங்கும் வழியில் எந்த வருடம் பனி எந்த மட்டத்தில் இருந்தது என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1990 பலகை தலைக்கு வெகு உயரத்தில். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் கேபிள் கார், மத்தியானம் போசோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை சில இடங்களில் வேர் வேராக இருக்கும், செருப்போடு போகாதீர்கள். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே பார்த்துவிடுங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும்.