டூல் செட்டுக்கு முன்னால் கையேடு: ஸ்போர்ட்ஸ் கார் வேலையை நான் படித்த விதம்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தாங்களே வேலை செய்யத் தொடங்கும்போது முதலில் கேட்பது, எந்த டூல் செட் வாங்கலாம் என்று. அடுத்து, பவரை எவ்வளவு ஏற்றலாம் என்று. இரண்டுக்கும் நடுவில் பெரிய படிப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காமல் படிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டாவில். 1989-இல் அறிமுகமாகி 1997 வரை வந்த மாடல். என்னுடையது 1.6 லிட்டர் எஞ்சின். ஒரு டன்னுக்குள் அடங்கும் எடை, பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் தாங்கும் அமைப்பு), அதிகம் தலையிடாத எலக்ட்ரானிக்ஸ். எதை மாற்றினாலும் ஸ்டீயரிங்கில் உடனே தெரிந்துவிடும். கற்றுக்கொள்ள அருமையான கார் இது. உங்களிடம் வேறு கார் இருந்தாலும் பாடத்தின் வரிசை இதேதான்.

மாடிஃபிகேஷன் செய்ய ஆசைப்படுபவர் முதலில் பராமரிப்பை முழுதாகக் கற்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். தேய்ந்த புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை), காய்ந்துபோன டயர், கோணிய அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) என்று இருக்கும் காரில் புது ஸ்பிரிங் போட்டால், அது நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காரைத் தொழிற்சாலை சொன்ன நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான், நீங்கள் செய்யும் மாற்றம் உங்களுக்கே புரியும்.

சரி, படிப்பது எப்படி? வீடியோ பார்த்து வேலை செய்பவர்கள் நிறைய. வீடியோ கை எங்கே போகிறது என்பதைக் காட்டும், அதற்கு நல்லது. ஆனால் அடிப்படை நூல் அந்தக் காரின் பணிமனைக் கையேடுதான். ஒரு வேலைக்கு முந்தைய நாள் அந்தப் பகுதியை வாசித்து, படிகளை என் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதுவேன். பக்கத்தில் டார்க் எண்கள், அதாவது ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு விசைக்கு முறுக்க வேண்டும் என்ற அளவு. அதற்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் நிரம்பாத வரைக்கும் ஸ்பானரைத் தொடுவதில்லை.

உதாரணமாக, சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டை, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். ஏன்? ரப்பர் புஷ் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியே வரும். சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிட்டால் அந்த நிலையிலேயே புஷ் பிடிபட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுகியபடி இருந்து, சீக்கிரமே கிழிந்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேறு எந்தக் காரிலும் தானாக நினைவுக்கு வரும்.

அந்த அளவுக்குச் சரியாக முறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்குச் செலவு செய்ய யோசிக்காதீர்கள். இந்தக் காரில் சக்கர நட்டுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர், ஸ்பார்க் பிளக்குக்கு 15 முதல் 23 தான். பிளக் உட்காருவது அலுமினிய ஹெட்டில். மரை போய்விட்டால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும், அதனால் முதல் சில சுற்றுகளைக் கையாலேயே விடுங்கள். மரை சுத்தமாகவும், கையேடு வேறு எதுவும் சொல்லாத இடங்களில் காய்ந்தும் இருக்கட்டும். எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறையும், அதே எண்ணுக்கு முறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும். டார்க் ரெஞ்சைக் கொண்டு கழற்றவும் கூடாது.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். வண்டிக்கு அடியில் உடம்பில் எந்தப் பகுதி போவதாக இருந்தாலும் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகே போக வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

முதல் பெரிய பாடமாக பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இதில் பலர் தடுமாறுவது பின்பக்க பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) மாற்றும்போது. முன் கேலிப்பரில் (பேடைப் பிடித்திருக்கும் பாகம்) பேடை அழுத்தும் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளிவிடலாம். பின்னால் அப்படிச் செய்யக்கூடாது, ஹேண்ட் பிரேக்கின் இயக்கம் கேலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. கிளாம்ப் போட்டு அழுத்தினால் அது கெட்டுவிடும். முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடுங்கள். கேலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. தலையுள்ள ஒரு போல்ட் இருக்கும். எதையும் பிடித்துக்கொண்டிருப்பதல்ல அது, வெறும் மூடிதான். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ உட்காரும் இடம் தெரியும். இடப்பக்கமாகச் சுற்றச் சுற்ற பிஸ்டன் மெதுவாகப் பின்வாங்கும். புது பேட் போட்டு கேலிப்பரை மாட்டியதும், வலப்பக்கமாகச் சுற்றி டிஸ்க்கைக் கையால் திருப்ப முடியாத அளவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். மூடியை மாட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். சில பற்களிலேயே கெட்டியாகப் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் ‘தளர்ந்துவிட்டது’ என்று கேபிளைக் குறைசொல்லும் பலருக்கும் உண்மையில் தேவைப்படுவது இந்த ஆலன் கீ சரிசெய்தல்தான்.

பிரேக் ஆயிலையும் கையோடு படித்துவிடுங்கள். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் ஈரம் ஏறியபின் தேவைப்படும் குறைந்தபட்சம் 155 தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்றாதீர்கள் என்பது அதனால்தான். மலை இறக்கத்திலோ டிராக்கிலோ ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, எண் பெரியதாக இருக்கிறதே என்று இதோடு கலந்துவிடாதீர்கள். அப்புறம், பெயின்டில் ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மற்ற பராமரிப்பு வேலைகள் எளிது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் மேலே டிக் டிக் என்று கேட்டால் ஹைட்ராலிக் லிஃப்டரில் (வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் சரிசெய்யும் பாகம்) எண்ணெய் நிறையவில்லை என்று பொருள், ஆயில் அளவையும் வயதையும் பாருங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கிறது, அதன் வாயுக்குழாய் வெளியே போகும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். மடிப்புக் கூரையிலிருந்து நீர் வடியும் துளைகளை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியின் (sill) பின்பக்கத்தில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இந்தக் கார்களைக் கொல்வது எஞ்சினைவிட இந்தத் துருதான்.

இனி மாடிஃபிகேஷன். என் வரிசை: நல்ல டயர், நல்ல பேட், அலைன்மென்ட், பிறகு ஷாக் அப்சார்பர். பவர் கடைசியில். இந்தக் காரில் நான்கு சக்கரத்திலும் கேம்பரையும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) டோவையும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாற்ற முடியும், முன்னால் கேஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) சேர்த்து. அதனால் ஒரு பாகமும் வாங்காமலே வண்டியின் குணத்தை மாற்றலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்துபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். சஸ்பென்ஷனுக்கு அசைய இடமில்லாமல் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷனின் அசைவு முடியும் இடத்திலுள்ள ரப்பர் தடுப்பு) உட்கார்ந்துவிட்டால், வளைவில் பிடிப்பு திடீரென்று விட்டுப்போகும்.

ஒருமுறைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். முன்பும் பின்பும் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைக் குறித்து, அதே சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் ஓட்டிவிட்டு, உணர்ந்ததை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் ஆசையும் கலந்துவிடும். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) போட நினைப்பவர்கள் அதை வெறும் பாகம் மாட்டுவதாக எண்ண வேண்டாம். கூடுதல் காற்றுக்கு ஏற்ற எரிபொருள், இக்னிஷன் டைமிங், கூலிங், கிளட்ச், பிரேக் எல்லாம் சேர்ந்து வரும். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். ஏர்பேக், ஏசி வாயு, சேசிஸ் வெல்டிங் மூன்றையும் தேர்ந்தவரிடம் விடுவதுதான் என் வழக்கம்.

இவ்வளவும் கைவந்தபின் டைமிங் பெல்ட்டுக்குப் போகலாம், அதாவது கிராங்க்கின் சுழற்சியோடு வால்வுகள் திறந்து மூடுவதை இணைக்கும் பெல்ட். இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய தைரியம். வாட்டர் பம்ப்பைக் கழற்ற வேண்டுமானால் இந்தப் பெல்ட்டை எடுத்தாக வேண்டும், ஆகவே பம்ப், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கி வைக்கும் உருளை), முன்பக்க ஆயில் சீல்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெல்ட்டை எடுக்கும் முன் புல்லிகளின் குறிகளை நேராக்கி போட்டோ எடுங்கள். புதிது மாட்டியதும், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய நிலையில் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால்தான் கவரை மூட வேண்டும்.