அம்மையா, தொண்டைப் புண்ணா?

கார்த்திகை மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், மொட்டைமாடிக் கூண்டில் இருந்த 26 நாள் புறாக்குஞ்சு ஒன்றின் இமையோரத்தில் கடுகளவு வெளிறிய மேடு ஒன்றைக் கண்டேன். மழைக்காலம் என்பதால் கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நான்கு நாட்களில் அது மிளகளவுக்கு வளர்ந்தது, அலகின் ஓரத்தில் மேலும் இரண்டு தோன்றின, வாரம் முடிவதற்குள் அந்தக் கண் முழுவதும் மூடிக்கொண்டது. அதற்குள் வேறு மூன்று குஞ்சுகளிலும் அதே மேடுகள் தெரிந்தன.

புறா அம்மையை உண்டாக்கும் வைரஸ் பறவைகளைத் தாக்கும் தனி இனத்தைச் சேர்ந்தது. மனிதருக்கு வரும் அம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை, வளர்ப்பவருக்கு இது தொற்றுவதுமில்லை. காயமில்லாத தோலை ஊடுருவ இந்த வைரஸால் முடியாது. கொசுக்கடியோ, கொத்திய காயமோ, சிராய்ப்போ அதற்கு வழி திறந்துவிட வேண்டும். அதனால்தான் இமை, அலகோரம், மூக்கின்மேல் உள்ள மெத்தென்ற பகுதி, கால் என இறகில்லாத இடங்களிலேயே கொப்புளங்கள் முதலில் எழுகின்றன. வைரஸ் உள்ளே புகுந்து மேடு கண்ணுக்குத் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், முதல் குஞ்சை நான் கவனித்த அன்றே மற்ற மூன்றும் தொற்றுக்கு ஆளாகியிருக்க வேண்டும்.

தோலில் வரும் அம்மையை அது மாறிவரும் விதத்தைக் கொண்டே பெரும்பாலும் அடையாளம் காணலாம். மேடாகத் தொடங்கி, கொப்புளமாகி, சீழ் கோத்து, பழுப்பு நிறப் பொருக்காகக் காய்ந்து, மூன்று நான்கு வாரங்களில் அது தானாக உதிர்கிறது. வெறும் கொசுக்கடி என்றால் இரண்டொரு நாளில் வற்றிவிடும். பறவைத் தோலில் வாழும் செதில் பூச்சியாக இருந்தால் காலிலும் அலகிலும் சுண்ணாம்புப் பொடி படிந்ததுபோல் மெல்ல மெல்லப் பரவும். நாள்தோறும் ஒரே கோணத்தில் கைபேசியில் படமெடுத்து வைப்பது இந்த வேறுபாட்டைக் காண மிகவும் உதவும்.

உண்மையான சிக்கல், அம்மை வாய்க்குள் வரும்போதுதான் இருக்கிறது. மூன்றாவது குஞ்சு இரை எடுக்காமல் கழுத்தை நீட்டி மூச்சுவிட்டதால், டார்ச் வெளிச்சத்தில் அதன் அலகைத் திறந்து பார்த்தேன். நாக்கின் அடியிலிருந்து தொண்டை வரை மஞ்சள் நிறப் படலம் கட்டியிருந்தது. பல ஆண்டுகளாகப் புறா வளர்த்து வரும் நண்பர் அதைக் கேங்கர் எனப்படும் தொண்டைப் புண் என்றார். அவர் சொன்னபடி மெட்ரோனிடசோல் என்ற மருந்தைக் கொடுத்ததோடு, பஞ்சு சுற்றிய குச்சியால் அந்தப் படலத்தை எடுக்கவும் முயன்றேன். அது சதையோடு ஒட்டியிருந்தது. ஓரம் பிய்ந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. மறுநாள் விடிவதற்குள் குஞ்சு மூச்சடைத்து இறந்துவிட்டது. தொண்டைப் புண்ணில் கட்டும் பாலாடைக்கட்டி போன்ற படிவு பல நேரங்களில் எளிதில் கழன்றுவரும் என்பதையும், அம்மைப் படலம் இறுகப் பற்றியிருக்கும், பிய்த்தால் இரத்தம் வரும் என்பதையும் பிறகே அறிந்தேன். ஆனாலும் இந்த ஒரு குறியை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியன்று.

நான்காவது குஞ்சின் வாயிலும் படலம் தெரிந்தவுடன் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் தொண்டையில் பஞ்சுக்குச்சியை மெதுவாகத் தடவி, வெதுவெதுப்பான உப்புநீர்ச் சொட்டில் கலந்து, உடனே நுண்ணோக்கியில் வைத்தார். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியாக இருந்தால் சாட்டை போன்ற இழைகளை வீசித் துடித்து நகர்வது தெரியும். மாதிரி ஆறிவிட்டாலோ உலர்ந்துவிட்டாலோ அந்த அசைவு நின்றுவிடும் என்பதால்தான் அந்த அவசரம். எங்கள் குஞ்சின் மாதிரியில் அசைவு எதுவும் இல்லை. அசைவு தெரிந்திருந்தாலும் அம்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது, இரண்டும் ஒரே பறவையில் சேர்ந்தே வரக்கூடும் என்று அவர் எச்சரித்தார். பிறகு பொருக்கையும் திசுவையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். சாயமேற்றிய திசுவில், வீங்கிய செல்களின் உட்கருவுக்கு வெளியே போலிஞ்சர் உடல்கள் எனப்படும் இளஞ்சிவப்புத் திரள்கள் தெரிந்ததால் அம்மை உறுதியானது. பிசிஆர் சோதனையிலும் வைரஸின் மரபணுவைக் கண்டறியலாம்.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லாதபோது இவ்வளவு சோதனை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தொண்டைப் புண்ணுக்கு மருந்து உண்டு, தாமதித்தால் பறவை இறந்துவிடும்; அம்மைக்கோ அந்த மருந்தால் பயனில்லை, கண்ணைச் சுத்தம் செய்வது, கையால் இரை ஊட்டுவது, கிருமித் தொற்று கூடினால் அதற்கு மருத்துவம் பார்ப்பது என்ற துணைப் பராமரிப்புதான் உண்டு. அம்மை என்று உறுதியானால் கூண்டையே வேறுவிதமாக நடத்த வேண்டியிருக்கிறது. உதிர்ந்த பொருக்கில் வைரஸ் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால் அதைப் பிய்க்காமல், விழுந்தவற்றைக் கூட்டி எரித்தேன். நோய்க்குறி இல்லாத பறவைகளுக்கு, மருத்துவர் தொடையில் சில இறகுகளைப் பிடுங்கி அந்தத் துளைகளில் தடுப்பூசி மருந்தைத் தூரிகையால் தடவினார். எட்டாம் நாள் அந்த இடம் சிறிது வீங்கியிருந்ததைக் கண்டு, மருந்து பிடித்துவிட்டது என்றார்.

நான்காவது குஞ்சு பிழைத்தது. இப்போது அதற்கு ஒரு வயது. இடது இமையோரத்தில் இறகு முளைக்காத சிறு தழும்பு மட்டும் இருக்கிறது. இந்த ஆண்டு புரட்டாசியிலேயே கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டிவிட்டேன், ஞாயிறுதோறும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் திறந்து பார்க்கிறேன்.