குடத்தில் இருந்த எழுத்துகள்

பெரியப்பா காலமான பிறகு பட்டர்வொர்த் வீட்டைக் காலி செய்தபோது, கூடத்துச் சுவரில் செங்குத்தாகத் தொங்கிய மரப் புரொப்பெல்லர், அதாவது விமானத்தின் சுழல்விசிறி, என்னிடம் வந்தது. ஜப்பான்காரன் போர் விமானத்தில் இருந்தது என்றுதான் வீட்டில் சொல்லி வந்தோம். பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்ததுமே 800 வெள்ளி தருவதாகச் சொன்னார். நடுவில் கடிகாரம் பதித்தால் உடனே விலை போகுமாம். எனக்கு நெஞ்சு பதறியது. இன்னதென்று தெரியாமல் அதை விற்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஜப்பான் கதை முதல் நாளே போயிற்று. ஜப்பானின் பேர்பெற்ற போர் விமானமான ஜீரோவுக்கு இருந்தது மூன்று அலகு (விசிறி இறக்கை) உள்ள உலோகப் புரொப்பெல்லர். எங்களுடையது இரண்டு அலகு, மரம்.

தெரிந்த தச்சர் ஒருவர், "தம்பி, உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்தால் புதுசாகிவிடும்" என்றார். நல்லவேளை, சம்மதிக்கவில்லை. வண்டிச் சக்கரத்தில் குடம் என்போமே, அதுபோன்ற நடுப்பகுதியில்தான் இதன் பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. உப்புத்தாள் முதலில் தின்பது அதைத்தான். ஈரத்துணியால் அழுக்கை ஒற்றியெடுத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்ததும் எழுத்துகள் எழும்பின. வரைபட எண், இடச்சுற்று என்பதற்கான 'எல்.எச்.', விட்டத்துக்கு 'டி', பிட்சுக்கு 'பி', அவற்றின் கீழே 'ஜிப்சி மேஜர்'. ஒரு சுற்றில் கணக்குப்படி எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே பிட்ச். நுனிக்கு நுனி அளந்தேன். விட்டம் சரியாக இருந்தது. நுனியை யாரும் வெட்டவில்லை என்ற நிம்மதி!

ஜிப்சி மேஜர், டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் 130 குதிரைத்திறன் எஞ்சின். 1931இல் முதலில் பறந்த டைகர் மோத் பயிற்சி விமானத்தின் பிந்தைய வகைகளில் பூட்டியது அதைத்தான். ஆனால் அந்த எஞ்சின் குடும்பம் ஆஸ்டர் என்ற வேறு ரகச் சிறு விமானங்கள் சிலவற்றிலும் உண்டு. அதனால் எஞ்சின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. இங்கிலாந்துச் சேகரிப்பாளர் ஒருவருக்குத் தாள்பதிவை அனுப்பினேன். வரைபட எண்ணை வைத்து டைகர் மோத் என்று உறுதி செய்தார். 1950களில் மலாயா துணை விமானப்படையினர் பயிற்சி பெற்ற அதே ரக விமானம்!

அலங்காரத்துக்குச் செய்த போலியோ என்றும் பார்த்தேன். ஒட்டுப்பலகைகளின் கோடுகள் அலகின் வளைவில் முன்னும் பின்னும் ஓடின. எட்டு போல்ட் துளைகளைச் சுற்றி இரும்புத் தட்டு அழுத்திய வட்டத் தழும்பு. பித்தளைக் கவசத்தின் நுனியில், சுழலும்போது ஈரம் வெளியேற இட்ட சிறு துளைகள். போலி இல்லை என்று தெளிந்தேன்.

விலைக்கு, கேட்கும் தொகைகளை விட்டுவிட்டு ஏலத்தில் உண்மையில் விற்ற தொகைகளை மட்டும் ஒப்பிட்டேன். பழைய பூச்சும் எழுத்தும் கெடாதவை ஒரு வரிசை, மெருகேற்றியவை அதற்குக் கீழே. ஜார்ஜ் டவுனில் மதிப்பிட்டவர் 4,000 வெள்ளி என்றார். விற்கவில்லை.

நடுத்துளையில் குழாயைச் செருகி நிறுத்திப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கீழே இருந்த அலகே மெல்லத் தாழ்ந்தது. ஈரம் ஒரே அலகில் இறங்கிவிடாதபடி, மரப் புரொப்பெல்லரைக் கிடையாக நிறுத்துவதுதான் விமானக்காரர்கள் வழக்கம். எங்கள் கூடத்திலும் இப்போது கிடையாகத்தான் மாட்டியிருக்கிறேன்.