யாழ்ப்பாணத்து வளவும் திறந்த அளவைத் தரவும்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை வைத்து யாழ்ப்பாணக் காணியொன்றுக்குச் சமவுயரக் கோடு கீறினால், அதை நம்பி அத்திவாரம் போட முடியாது. 2000இல் விண்ணோடத்திலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீற்றர். யாழ்ப்பாணக் காணி அளவில் மூன்று பரப்பு (ஏறத்தாழ 760 சதுர மீற்றர்) அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். உயரமும் முழு மீற்றரில்தான் இருக்கும். கூரையும் பனை வட்டும் அதில் கலந்துவிடும். இங்கோ மாரித் தண்ணீர் வளவுக்குள் நிற்குமா, வீதிக்கு ஓடுமா என்பதை அரையடி தீர்மானிக்கிறது. தண்ணீர் நிரப்பிய ரியூப்பால் வீதி நடுவிலிருந்து வளவின் மூலைகளுக்கு மட்டம் எடுப்பதே சரி. ரியூப்பில் காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பிழைக்கும்.

திறந்த தரவு வேலிக்கு வெளியே பார்க்கத்தான் பெரிதும் உதவும். தன்னார்வலர்கள் வரையும் இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஒழுங்கைகள், குளங்கள், வாய்க்கால்கள் மேல், ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் பழைய வரைபடத்தை ஸ்கான் செய்து பொருத்திப் பாருங்கள். தூர்த்த குளமொன்றின் மேல் காணி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனைக்காகவே கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைப் பழகலாம்.

இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறையில்தான் புதிதாய்ப் பழகுபவர் அதிகம் தடுக்குப்படுவார். மென்பொருளில் இலங்கைக் கட்டத்துக்கு இரண்டு ஈபிஎஸ்ஜி குறியீடுகள் உண்டு: பழைய முறைக்கு 5234, 1999 முறைக்கு 5235. பழையதில் யாழ் நகர் கிழக்கே சுமார் 1,17,000 மீற்றர், வடக்கே 4,94,000. 1999 முறையில் 4,17,000, 7,94,000. இரண்டிலும் மூன்று இலட்சம் மீற்றர் வித்தியாசம் வந்தால் குறியீடு மாறிவிட்டது என்று அர்த்தம்.

நில அளவையாளரின் படத்தைப் பொருத்தும்போது குறைந்தது நான்கு புள்ளிகள் வைத்து ஹெல்மெர்ட் முறையைத் தெரிவுசெய்யுங்கள். அது படத்தைத் திருப்பும், நகர்த்தும், ஒரே விகிதத்தில் பெருப்பிக்கும், அவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் படிப் பல்லுறுப்பு முறைகள் எல்லைக்கோட்டையே வளைத்துவிடும். மதிற்கரையைச் செய்மதிப் படத்துக்காக நகர்த்தவே கூடாது, ஏனென்றால் அந்தப் படமே சில மீற்றர் விலகியிருக்கலாம். பிறகு சதுர மீற்றரை 252.93ஆல் வகுத்துப் பரப்பாக்கி, மிச்சத் தசமத்தை 18ஆல் பெருக்கிக் குழி என்ற சிறிய அளவாக்கிக் காணி உறுதியோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வரைவதை நிறுத்தி அளவையாளரிடம் கேட்க வேண்டும்.

மலக்குழிக்கு இடம் குறிக்கும்போது கிணறுகளைச் சுற்றித் தூர வளையம் போடுவது இரண்டு சொடுக்கு வேலை. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் அழுக்கு விரைவாகப் பரவும் மண் இது. ஆனால் பக்கத்து வளவுக் கிணறு திறந்த தரவில் பெரும்பாலும் இராது. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டு, நாடா பிடித்து அளந்துதான் புள்ளி வைக்க வேண்டும்.