வடலூரில் பூசணிக்காய் நறுக்கியது

பஸ் எது, அறை எங்கே, செலவு எவ்வளவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றி முதலில் எழுதித் தீர்க்காவிட்டால் மற்ற எதுவும் எனக்கு வராது.

வடலூர் பஸ் நிறுத்தத்திலிருந்து வள்ளலாரின் சத்திய ஞான சபைக்கு நடந்தே போய்விடலாம். முதுகில் பையோடு இறங்கியவனைப் பார்த்ததும், வெளியூர்க்காரன் என்று கணக்குப் போட்டுவிட்டார் மனிதர். 150 ரூபாய் கேட்டார். நான் சிரித்தேன். "புண்ணியக் காரியத்துக்கு வந்துவிட்டுப் பேரம் பேசலாமா, தம்பி?" என்றார். கோபம் தலைக்கேறியது. நடந்தேன். மறுநாள் பக்கத்து ஊரான மேட்டுக்குப்பம் போக வண்டி தேடினால் அதே ஆட்டோ, அதே மனிதர். போய்வர 500 என்று ஆரம்பித்து 300-க்கு இறங்கினார். அதுவும் அதிகம்தான். வழி முழுவதும் ஜீவகாருண்யம் என்றால் என்னவென்று எனக்குப் பாடம் நடத்தியபடி ஓட்டினார். சொன்னதில் தவறு ஒன்றுமில்லை என்பதுதான் எரிச்சல்.

சரி, எதற்காக வடலூர்? அலுவலகத்தில் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் காலம் இது. "ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்" என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். என் வயதுக்காரர்கள் எல்லாரும் இப்போது வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுகிறார்கள். அறைத்தோழன் ஒருவன் மலைமேல் எங்கோ நடந்த இரண்டு நாள் முகாமுக்கு 18,000 ரூபாய் கட்டி, கண்ணை மூடி உட்கார்ந்து, தன் வாழ்வின் நோக்கத்தை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு வந்தான். அட்டை குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டியிருக்கிறது. பால் வாங்க வேண்டியது இன்னும் நான்தான். எனக்கு 18,000 கிடையாது, 2,000 இருந்தது. வடலூரில் சாப்பாடு இலவசம் என்பது தெரியும். முடிவுக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

பஸ்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து நேர் வண்டி கிடைக்கும். விக்கிரவாண்டி வரைக்கும் ராஜபாட்டை. நான் போனபோது அதன்பிறகு சாலைப் பணி, மாற்றுப் பாதை, புழுதி. நான் ஏறிய வண்டியில் ஜன்னல் கண்ணாடி பாதிக்குமேல் மூடாது. பண்ருட்டி வந்து சேரும்போது என் சட்டையும் முகமும் ஒரே நிறம். பக்கத்து இருக்கைப் பெரியவர் என்ன வேலை, என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று மூன்று கேள்விகளையும் திண்டிவனம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டார். படிவத்தில் இருந்த கேள்வியைவிட அவர் கேள்விகள் எவ்வளவோ மேல். பதில் சொல்ல முடிந்தது. விடுதி அறைக்கு 700 ரூபாய். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. அவ்வளவுதான்.

சத்திய தருமச்சாலைக்குக் காலையில் போனேன். வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள், பசித்தவர்களுக்குச் சோறு போட 1867 மே 23 அன்று தொடங்கிய இடம். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் எழுந்தது. அன்று அவர் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். பார்க்கலாம், தடையில்லை. இருபது அடிக்குக் குறையாத நீளத்தில், தரையோடு தரையாகக் கிடக்கும் பெரிய அடுப்பு. பெரிய அதிசயம் எதையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். புகை, கரி, வெக்கை. கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒருவர் விறகை உள்ளே தள்ளிவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நின்றவர்கள் கைகூப்பினார்கள். எனக்கு அந்த விறகுக்காரர் மேல்தான் கண் போனது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக யாரோ ஒருவர் இரவில் எழுந்து விறகு வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவர் பெயர்கூட அங்கே எழுதி வைத்திருப்பதாக என் கண்ணில் படவில்லை.

சும்மா நின்று பார்ப்பதற்கு வெட்கமாக இருந்ததால், காய் நறுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வெள்ளைப் புடவை கட்டிய அம்மா ஒருவர் "வந்தனம் ஐயா" என்று சொல்லி ஒரு கத்தியையும் அரைப் பூசணிக்காயையும் என் பக்கம் தள்ளினார். விருத்தாசலம் பக்கத்திலிருந்து அடிக்கடி வருவாராம். அவர் காலடியில் அரிவாள்மனை. என்னைப் பார்க்காமலே என் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போலும். சிறிது நேரத்தில் என் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் அரிவாள்மனையில் நான்காக்கிப் போட்டார்.

"இந்த அளவு போதும், தம்பி. பல் இல்லாதவர்களும் சாப்பிட வருகிறார்கள்."

ஐயா என்பது தம்பியாகிவிட்டது. அதன்பிறகு நான் நறுக்கியதெல்லாம் பல் இல்லாத யாரோ ஒருவருக்காகத்தான். விதைகளோடு ஒட்டிய நாரை வழித்து எறிவது, தோலைக் கனமில்லாமல் சீவுவது, கட்டைவிரல் நகத்தளவுக்குத் துண்டு போடுவது என்று அந்தக் காலைப்பொழுது முழுவதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. விரல்களில் பூசணிப் பால் காய்ந்து தோல் இறுகியது. இந்த அம்மாவிடம் வாழ்க்கையின் நோக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு திட்டம் வைத்திருந்தேன். அதாவது, அங்கே சந்திக்கும் யாரிடமாவது. கேட்கத் தோன்றவில்லை. பதினொன்றரைக்குள் அண்டாவில் போட வேண்டும் என்று உள்ளேயிருந்து ஆள் வந்து விரட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் பாவம். வரிசையில் எனக்கு முன்னால் மூட்டை தூக்குபவர் இருவர், சீருடையில் ஒரு பள்ளிச் சிறுவன், காவி கட்டிய பெரியவர், நல்ல காரில் வந்திறங்கிய ஒரு குடும்பம். எல்லாரும் தரையில். சாதம், சாம்பார், ரசம். நான் நறுக்கிய துண்டு எது என்று சாம்பாரில் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றாகக் கரைந்திருந்தது. பரிமாறியவர் மறுசோறு வேண்டுமா என்று கேட்கவில்லை, போட்டுவிட்டு நகர்ந்தார். நகரத்தில் 180 ரூபாய் கொடுத்து வாங்கும் சாப்பாட்டில் இந்த ரசம் கிடைக்காது. இதில் யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு எதிரே உட்கார்ந்த பாட்டி உண்மையிலேயே பல் இல்லாதவர். ஈறால் மென்று, நிதானமாக, தட்டைச் சுத்தமாக முடித்தார்.

வெளியே வந்ததும் நன்கொடைச் சாளரத்துக்கு முன் நின்று மனக்கணக்கு. 500 போட்டால் திரும்பும் டிக்கெட்டுக்கு இடிக்கும். 100 போட்டால் சாப்பிட்ட ரசம் கேள்வி கேட்கும். 200 போட்டு ரசீது வாங்கினேன்.

ஞான சபையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எண்கோணக் கட்டடம், 1872-இல் தைப்பூச நாளில் முதல் ஜோதி தரிசனம் நடந்த இடம், சிலை கிடையாது, ஏழு திரைகளுக்கு அப்பால் ஒரு தீபம். உயிர்க்கொலையும் புலாலும் தவிர்த்தவர்களுக்கு மட்டுமே உள்ளே இடம் என்பதால் நான் மரியாதையாக வெளியிலேயே நின்றுகொண்டேன். பிரியாணிக்கு நான் இன்னும் விடைகொடுக்கவில்லை. நின்ற இடத்தில் எரிச்சலூட்டியது ஒன்றுதான். பெருவெளியில் தியானம் செய்வதுபோல் உட்கார்ந்து, நண்பனைப் படமெடுக்கச் சொல்லி, படம் சரியில்லை என்று மறுபடி கண்ணை மூடிய ஓர் இளைஞர் கூட்டம். சாலைக்கு அந்தப் பக்கம் நறுக்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் காய் கிடந்தது.

மேட்டுக்குப்பம்தான் என்னை உலுக்கியது. வள்ளலார் கடைசியாகத் தங்கிய சித்தி வளாகத் திருமாளிகை அங்கே இருக்கிறது. 1873 அக்டோபரில் இங்கேதான், சன்மார்க்கம் என்ற தன் நெறிக்குக் கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அதிகாரிகள் வந்து திறந்தபோது உள்ளே யாரும் இல்லை என்பது சன்மார்க்கத்தார் சொல்லும் வரலாறு. அந்த அதிசயத்தைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது, அந்தக் கடைசிக் காலத்தில் அவர் சொன்னதாகச் சொல்லப்படும் ஒரு பேச்சு. கடை விரித்தோம், கொள்வாரில்லை, கட்டிவிட்டோம் என்று.

யோசித்துப் பாருங்கள். 1823-இல் பிறந்தவர் தருமச்சாலையைத் தொடங்கும்போது வயது 43. இருபத்தேழு வயதில் இன்னும் வழி தெரியவில்லை என்று புலம்பும் என் போன்றவர்களுக்கு அந்த எண்ணே ஓர் ஆறுதல். அதைத் தொடங்கி ஏழாண்டுகூட முடியாத நிலையில், தன் கணக்கில் அவர் நஷ்டம் எழுதிவிட்டுப் போகிறார். எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் அது தோல்விதான். அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த நேரத்தில் அவர் இல்லை, அடுப்பு இருந்தது. அவர் வாழ்க்கைக்கு அர்த்தம் இருந்ததா என்று அன்று அவரிடமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கட்டிவிட்டோம் என்றுதான். கேட்க வேண்டிய ஆள் அவரல்ல, என் எதிரே ஈறால் மென்றுகொண்டிருந்தாரே, அந்தப் பாட்டி.

இதைத் தத்துவமாக்கி என்னிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். சம்பளம் வேண்டும், வாடகை கட்ட வேண்டும், வேலையை விட்டுவிட்டு வடலூரில் உட்காரும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. தொண்டு என்று ஆரம்பித்தாலே குரலைத் தாழ்த்திப் பேசும் ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் "உன் நோக்கத்தைக் கண்டுபிடி" என்று 18,000 ரூபாய்க்கு விற்பவர்களிடம் இனி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது: நாளைக் காலையும் அதைச் செய்ய வேண்டியிருக்குமா, செய்யாவிட்டால் யாராவது பசியோடு காத்திருப்பார்களா? இல்லையென்றால் அட்டை உங்களோடு இருக்கட்டும்.

வாக்குக் கொடுத்த பயணக் குறிப்புகள், ஒருவழியாக: மொத்தச் செலவு 1,960 ரூபாய். 40 ரூபாய் மிச்சம், அதையும் பண்ருட்டியில் பலாச்சுளை தின்றுவிட்டேன். தைப்பூசத்தன்று கூட்டம் தாங்காது, அடுப்பையும் சமையற்கட்டையும் பார்க்க வேண்டுமானால் சாதாரண நாளில் போங்கள். பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் காய் நறுக்க இடம் கிடைக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார வராத கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சொந்தக் கத்தி இருந்தால் எடுத்துப் போங்கள், எனக்குக் கொடுத்தது மழுங்கல். மேட்டுக்குப்பம் போய்வர ஆட்டோவுக்கு 200-க்குமேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், பாடம் எவ்வளவு நன்றாக நடத்தினாலும்.