மச்சுக்கு மேலே

சோழவந்தானில் அப்பத்தா வீடு. மரப்பலகை மச்சுக்கும் ஓட்டுக் கூரைக்கும் நடுவே ஒயரிங் மாற்ற வேண்டியிருந்தது. பதினோரு மணிக்கு ஏறலாம் என்றேன். ஆசாரி சிரித்துவிட்டார். "சித்திரை வெயில்ல ஓட்டுக்கு அடியிலயா? மயக்கம் போட்டுருவீங்க தம்பி. ஆறு மணிக்கு வாங்க."

சரி, ஆறு மணி. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தோம். பழைய ஒயரை எலி எங்கே கடித்து வைத்திருக்கிறதோ. அப்புறம் ஏணி. 12 அடி உயரத்துக்கு அடிக்கால் சுவரைவிட்டு 3 அடி தள்ளி. மேல்முனை மச்சு வாசலைத் தாண்டி இன்னும் 3 அடி நீண்டிருக்க வேண்டுமாம், இறங்கும்போது பிடிமானத்துக்கு. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது என் மகன், ஒரு கண் போனில்.

உள்ளே போனதும் மச்சுப் பலகையில் கால் வைக்கப் போனேன். "உத்திரத்துல மிதிங்க!" என்று ஒரே அதட்டல். உளியால் லேசாகக் குத்திக் காட்டினார். மேலே வழவழவென்று இருந்த பலகை, உள்ளே முழுக்கக் கரையான் மண். விழுந்திருந்தால் நேரே அப்பத்தா கட்டில்தான். உத்திரங்களுக்குக் குறுக்கே புதுப் பலகை போட்டு, அதன்மேல் தவழ்ந்தே வேலையை முடித்தோம்.

மூலையில் ஒரு குளவிக்கூடு இருக்கிறது. அந்தப் பக்கத்து லைட் இப்போதைக்கு எரியாது.