ஒரு தெறி தள்ளிப் பூட்டியது

வெள்ளவத்தையில் என் மாடி அறைக்குப் பக்கத்திலேயே கடற்கரை ரயில் பாதை. ரயில் போனால் மேசை அதிரும், தேநீர்க் கோப்பை கிணுகிணுக்கும். அந்த மேசையில் இருந்துதான் புரதங்களுக்கு மொடல் கட்டுகிறேன். எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப் இருப்பது வேறு நாட்டில். அங்கே மாதிரியைத் திரவ எத்தேனில் சட்டென்று உறையவைத்து, லட்சக்கணக்கான துகள்களைப் படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து முப்பரிமாண அடர்த்தி மேப் ஆக்கி அனுப்புவார்கள். அதற்குள் அணுக்களை உட்காரவைப்பது என் பாடு.

நான் சொல்லவந்த மேப்பின் நுணுக்கம் 4 ஆங்ஸ்ட்ரோம் (ஓர் ஆங்ஸ்ட்ரோம் என்பது மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு). ஹீலிக்ஸ், அதாவது புரதச் சங்கிலி சுருளாகப் போகும் இடம், நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அமினோ அமிலத்திலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கச் சங்கிலிகளில் பெரியவை முட்டு முட்டாகத் தெரியும், சின்னவை தெரியாது. அல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ நிரல் கணித்த மொடலைக் கைமேராஎக்ஸ் மென்பொருளில் போட்டுப் பொருத்தினேன். பெரும்பகுதி பொருந்தியது, ஒரு லூப்பும் (சுருளாகாத இணைப்புத் துண்டு) அதற்கடுத்த ஹீலிக்ஸும் மட்டும் மேப்புக்கு வெளியே நின்றன. சரி, அதைக் கையால் கட்டுவோம் என்று இறங்கினேன்.

லூப் இருந்த இடத்தில் அடர்த்தி நூல் நூலாக அறுந்து கிடந்தது. அதில் ஓர் அமினோ அமிலத்தைக் குறைத்துக் கோத்துவிட்டேன். சேட்டுக்கு ஒரு தெறியைத் தள்ளிப் பூட்டினால் கீழே வரைக்கும் பிழைதானே. ஆனால் சேட் கோணும், ஹீலிக்ஸ் கோணாது. அதில் ஒவ்வொரு அமினோ அமிலமும் 1.5 ஆங்ஸ்ட்ரோம் ஏறி 100 பாகை திரும்புகிறது. ஒன்று தள்ளினாலும் சங்கிலியின் முதுகெலும்பு பழைய தடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பொருத்த மதிப்பெண் நன்றாகவே வந்தது. மொடலைச் சோதிக்கும் ராமச்சந்திரன் படத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்தப் படத்தில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பாசம்கூட உண்டு. அது பார்ப்பது முதுகெலும்பின் கோணங்களை. எந்த அமிலம் எங்கே நிற்கிறது என்பதை அல்ல. மூன்று வாரம் அந்த மொடலோடு நிம்மதியாக இருந்தேன்.

பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருத்திதான் பிடித்தாள்.

"அக்கா, இந்த ட்ரிப்டோபான் ஏன் வெறும் வெளியில நிக்குது?"

"4 ஆங்ஸ்ட்ரோம்தானே. சிலது தெரியாது."

"அப்ப பக்கத்தில இருக்கிற கிளைசினுக்கு ஏன் இவ்வளவு பெரிய முட்டு?"

இரண்டும் அமினோ அமிலங்கள்; கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி என்று இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன். என் காது சூடானது. அஸ்பார்டேட், குளுட்டமேட் என்ற அமிலங்களின் நுனிகள் எலக்ட்ரோன் கற்றையில் அடிபட்டு மேப்பில் மறைவது வழமை. அந்தச் சலுகையை இருக்கிறதிலேயே பருமனான ட்ரிப்டோபானுக்கும் நான் கொடுத்திருந்தேன். அது வெளியே நின்றதை முதல் வாரமே கண்டதும் நினைவுக்கு வந்தது. கண்டு, கடந்து போயிருக்கிறேன்.

வரிசையை ஒன்று நகர்த்தினோம். ட்ரிப்டோபான் முட்டுக்குள் போய் இறங்கியது, மேலே இருந்த ஃபீனைலலனினும் தன் இடத்தைப் பிடித்தது. மதிப்பெண் எவ்வளவு கூடியது என்று பார்த்தேன்: மூன்றாம் தசமத்தில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த லூப்பை, தெரியாத இடம் முழுவதையும், அழித்துவிட்டேன்.

"அப்ப இந்த இடைவெளி, அக்கா?"

"இருக்கட்டும்" என்றேன். தெஹிவளைப் பக்கமாக ஒரு ரயில் போனது. கோப்பையைப் பிடித்துக்கொண்டோம்.